எத்தனை இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள்

காட்டுயிர் பற்றிய பொது விரிவுரை எதுவானாலும், பேச்சு முடிந்ததும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "இப்போ மொத்தம் எத்தனை இருக்கு?" என்பதுதான். காட்டுயிர்களின் இனப்பெருக்கத்தை ஆராய்பவன் என்ற முறையில் அப்படிப்பட்ட மேடைகளில் நானும் பேசுகிறேன். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள் என்பேன்: அவற்றில் எத்தனை குட்டி ஈனுகின்றன?

யானைக்குச் சினைக்காலம் சுமார் 22 மாதம். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக நான்கைந்து வருடம் ஆகிறது. அறுபது வயதுவரை வாழக்கூடிய விலங்கு என்பதால், பிறப்பு குறைந்துபோனாலும் கணக்கெடுப்பில் அது சட்டென்று தெரியாது. பெரியாறு காட்டில் இதுதான் நடந்தது. ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்குத்தான் உண்டு. வேட்டைக்காரர்கள் கொம்பன்களாகப் பார்த்துச் சுட்டுத் தள்ளியதில், 1980களின் இறுதியில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறுக்கும் மேல் என்றாகிவிட்டது. காட்டில் யானைக் கூட்டங்கள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கூட்டங்களில் குட்டிகள் குறைந்துபோயின.

யானையைத் தொடாமலேயே அது சினையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். லத்தி, அதாவது யானைச் சாணம் போதும். ஆனால் புதியதாக இருக்க வேண்டும், அதில் சிறுநீர் கலந்திருக்கக் கூடாது. ஹார்மோன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. அதனால் உருண்டையைப் பிளந்து உள்ளே பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நன்றாகக் கலந்து குப்பியில் போடுவோம். எந்த யானை, எந்த நேரம் என்று எழுதி ஒட்டி, சீக்கிரமே உறைநிலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள பாக்டீரியாக்கள் ஹார்மோனின் மிச்சங்களை மாற்றிவிடும். ஆய்வகத்தில் அதை உலர்த்தி, ஆல்கஹாலில் குலுக்கி, சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் மிச்சங்களை அளக்கிறோம். சாதாரணமாக அந்த அளவு சில வாரங்கள் ஏறியிருந்து, அப்புறம் இறங்கும். இறங்க வேண்டிய காலத்தில் இறங்காமல் பல மாதம் உயர்ந்தே இருந்தால் சினை. அதனால் ஒரே ஒரு குப்பியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே யானையின் லத்தியை மாதக்கணக்கில் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோனையும் இப்படியே அளக்கலாம். உணவு குடலைக் கடந்து வர நேரமாகும் என்பதால், இன்றைய லத்தியில் தெரிவது நேற்றோ முந்தாநாளோ அது பட்ட பாடு.

சில இடங்களில், "குழந்தைகள் வருகிறார்கள், விந்து, இனச்சேர்க்கையெல்லாம் வேண்டாமே" என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படி வெட்டாதீர்கள். பிள்ளைகள் கூச்சமில்லாமல் நேராகக் கேட்கிறார்கள், அவர்களுக்கு நேராகவே பதில் சொல்லலாம். ஓர் இனம் எப்படிப் பெருகுகிறது என்பதை மறைத்துவிட்டு, அது ஏன் அழிகிறது என்று எப்படி விளக்குவது?

அப்புறம் குளோனிங், அதாவது ஓர் உயிரின் செல்லிலிருந்து அதே மரபணுக்களோடு இன்னொன்றை உருவாக்குவது பற்றிக் கேட்பார்கள். "உறைய வைத்த செல் இருந்தால் எதையும் திரும்பக் கொண்டுவந்துவிடலாமே?" அமெரிக்காவின் கருங்கால் ஃபெரட்டைப் பாருங்கள். கீரி அளவுள்ள சிறு வேட்டை விலங்கு. 1980களில் கடைசியாகப் பிடிபட்டவை 18, குளோன்களையும் அவற்றின் வழி வந்தவற்றையும் தவிர்த்தால் இன்றுள்ள இனம் முழுக்க அவற்றில் ஏழின் வழிவந்தது என்கிறார்கள். 1988இல் சேமித்த செல்லிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் என்ற குளோன் பிறந்தது. செல்லைக் கொடுத்த வில்லா என்ற ஃபெரட்டுக்கு உயிரோடு சந்ததி எதுவும் இல்லை, அதனால் அது இனத்துக்குப் புதிய மரபணு வளம். ஆனால் கருப்பைக் கோளாறால் எலிசபெத் ஆன் குட்டி ஈனவில்லை. அதே செல்வழி வந்த அன்டோனியா என்ற குளோன்தான் 2024இல் மூன்று குட்டி ஈன்றது. அதில் இரண்டு பிழைத்தன. எனக்கு அந்தச் செய்தி முதல் குளோன் பிறந்ததைவிடப் பெரியது.

அந்தக் குட்டிகளின் வழி வருபவை என்றாவது புல்வெளிக்குப் போனால் எதைத் தின்னும்? ஃபெரட்டின் உணவில் பெரும்பகுதி ப்ரெய்ரி நாய் என்னும், வளையில் வாழும் அணில் வகைக் கொறிக்கும் விலங்கு. விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் இடைஞ்சல் என்று அதை நஞ்சு வைத்துக் கொன்றதும், பிளேக் நோயும்தான் ஃபெரட்டை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. பிளேக் இன்னும் அங்கே இருக்கிறது. அடுத்த விரிவுரையில் யாராவது குளோன் குட்டியின் படத்தைக் காட்டினால், அதன் இரைக்கு என்ன ஏற்பாடு என்று கையைத் தூக்கிக் கேளுங்கள்.