மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்து மூன்று நான்கு நாள் ஆனால் எங்கள் குடிநோய் ஓபியில் கறுப்பு வேட்டிகள் தென்படத் தொடங்கும். போன வருடம் வந்தவர் ஒரு கொத்தனார். கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம். ஓபி சீட்டை மேஜையில் வைக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. "மாலை போட்ட அன்னைக்கே சுத்தமா நிறுத்திட்டார் சார். நேத்து ராத்திரி பூரா செவுத்துல எறும்பு ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருந்தார்" என்றார் மனைவி. சுவரில் எறும்பே இல்லையாம்.

அவரை அப்போதே வார்டில் சேர்த்தோம். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை, மது தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மது சட்டென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. ஓரிரு நாளில் சிலருக்கு வலிப்பு. இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு இந்த மாதிரிக் குழப்பம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். வீட்டில் இதைச் சாமி குத்தம் என்று நினைத்து இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்பார்கள். அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்குப் பயம். மாலை போடுவது நல்ல முடிவு. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், முன்பு வலிப்பு வந்தவர், போடுவதற்கு ஒரு வாரம் முன்பே எங்களிடம் ஒரு எட்டு வந்துவிடுங்கள்.

இவரைப்போல எல்லோருக்கும் வார்டு வேண்டியதில்லை. ஆனால் வருகிற குடும்பங்கள் முதலில் கேட்பது, "மூணு மாசம் ஆனாலும் பரவாயில்ல, அடைச்சு வையுங்க சார்." பலருக்கு ஓபியே போதும். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்று கேட்போம், ஈரலைப் பரிசோதிப்போம், பி1 வைட்டமின் ஊசி போடுவோம். நடுக்கத்துக்கான மாத்திரையை ஏழெட்டு நாளில் படிப்படியாகக் குறைப்போம். அதை வீட்டில் ஒருவர் கையில் வைத்திருந்து கொடுக்க வேண்டும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வரவேண்டும். வேலைக்குப் போகலாம், பிள்ளைகளோடு சாப்பிடலாம். சிகிச்சை என்றாலே அடைப்பு என்று நினைத்துப் பயந்து வராமலே இருப்பவர்கள் ஏராளம். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தியவர் திரும்பக் குடிக்காமலிருக்கத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையைக்கூட இப்படிக் கலந்து கொடுக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்தே போகலாம். முழு விவரமும் தெரிந்து, சம்மதித்து, அவரே விழுங்க வேண்டிய மருந்து அது.

சரி, கொத்தனாருக்கு வருவோம். ஐந்தாறு நாளில் தெளிந்து வீட்டுக்குப் போனார். அந்த மண்டலம் முழுக்கக் குடிக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்த நாட்களில் ஊரே அவரைச் 'சாமி' என்றது. கடைக்குப் போகிற சாயங்கால நேரத்தில் பஜனை இருந்தது. யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை. மாலையைக் கழற்றிய அன்றே இத்தனையும் ஒன்றாகப் போய்விடுகிறது, கடை மட்டும் அதே முக்கில் இருக்கிறது. அதனால்தான் மாலை கழற்றிய பிறகு வரச் சொல்லி ஓபி தேதிகளைக் கொடுக்கிறோம். முதலில் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை, குறைந்தது ஒரு வருடம். குடிக்கத் தோன்றும் வேகத்தைக் குறைக்கவும் மாத்திரை உண்டு. ஆனாலும் பேச்சில் பாதி, "சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருப்பீங்க?" என்பதுதான். அவருக்குச் சனிக்கிழமைதான் கண்டம். கூலி வாங்கிய கையோடு கூட்டாளிகள் கடைக்குக் கிளம்புவார்கள். மேஸ்திரியிடம் அவரே கேட்டு, கூலியை மனைவியின் ஜிபேக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். எந்த மாத்திரையும் செய்யாத வேலை அது.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம்.

பொங்கல் முடிந்த வாரம் மனைவி மட்டும் உள்ளே வந்தார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றதுன்னு வெளியவே நிக்கிறார் சார்." எழுந்து போய்க் கூட்டி வந்தேன். கடைசியாக எப்போது என்றேன். "நேத்து. ஒரு கட்டிங்." கையை நீட்டச் சொன்னேன், நடுக்கம் இல்லை. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று பேசி முடிக்க அரைமணி நேரம் ஆனது. சீட்டில் அடுத்த வெள்ளிக்கிழமை தேதியை எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.