எபிஜெனெடிக்ஸ்: தமிழில் மேல்மரபியல்

போன ஞாயிறு பெங்களூரு அல்சூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) உயிரியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கோலார் தங்கவயலில் கோழி வளர்த்த எங்கள் பாட்டி, "ஹார்மோன் தெரியும், தைராய்டு மாத்திரை போடறேனே, இந்த எபி என்னடி?" என்று கேட்க, தங்கைக்குத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஹார்மோன் என்ற சொல்லை 1905-இல் லண்டனில் உடலியலாளர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மூலத்துக்குத் தூண்டி இயக்குதல் என்று பொருள், ஆகவே இயக்குநீர் என்பது கச்சிதமான சொல். 'எபி' என்றால் மேல். எபிஜெனெடிக்ஸ் என்ற பெயரை 1942-இல் உயிரியலாளர் வாடிங்டன் வைத்தபோது, கருவை மரபணுக்கள் எப்படி உருவாக்குகின்றன என்பதையே குறித்தார். டிஎன்ஏவின் எழுத்து வரிசை மாறாமல், எந்த மரபணு வேலை செய்யும், எது அடங்கியிருக்கும் என்பது மட்டும் மாறி நிலைத்துவிடுவது என்ற இன்றைய பொருள் பிறகு வந்தது. இதைப் 'புறமரபியல்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் புற என்றால் வெளியே, ஆனால் மரபணுவை அடக்கும் வேதிக் குறி டிஎன்ஏ இழையின் மேலேயே ஒட்டியிருக்கிறது. மேல்மரபியல்தான் சரி.

பாட்டிக்கு ஒரு தாளில் 'க' எழுதி மேலே புள்ளி வைத்துக் காட்டினேன். எழுத்து அதேதான், ஆனால் அகர ஒலி அடங்கிப் போயிற்று. அந்த வேதிக் குறியான மெத்தில் என்பது அப்படி ஒரு புள்ளி: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மரபணுவின் தொடக்கத்தில், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் அது உட்கார்ந்தால் பெரும்பாலும் மரபணு வாய் திறக்காது.

அப்புறம் சேவல் கதை. முட்டை மஞ்சள் கருவுக்கான வைட்டெல்லோஜெனின் புரதத்தைப் பெட்டைக் கோழியின் ஈரல் செய்கிறது. சேவலிடமும் அந்த மரபணு உண்டு, பேசாமல் கிடக்கிறது. சேவலுக்கு ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனை ஊசியாகப் போட்டால், அது செல்லுக்குள் தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து மரபணுவின் அருகே போய் உட்கார, மரபணுவைச் சுற்றியிருந்த புரதக் கட்டு தளர்ந்து, சில மெத்தில் புள்ளிகளும் போய்விடுகின்றன. சேவல் ஈரல் மஞ்சள் கருப் புரதம் செய்யத் தொடங்குகிறது! மருந்து தீர்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும், போன புள்ளிகள் திரும்புவதில்லை. இரண்டாம் ஊசிக்கு ஈரல் முன்னைவிடச் சீக்கிரம் வேலையில் இறங்குகிறது.

"அப்போ சேவலுக்கு ஞாபகம் இருக்கா?" என்றார் பாட்டி.

சேவலுக்கு இல்லை பாட்டி, அதன் ஈரலுக்கு. செல் இரண்டாகப் பிரியும்போது பழைய இழையில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்துப் புது இழையில் வைக்க ஒரு நொதி இருக்கிறது, இல்லாத புள்ளியை அது பொதுவாக வைப்பதில்லை.