சாட்பாட்டுக்கு மெமரி வைக்கப் போகிறீர்களா? அழிப்பதில் இருந்து தொடங்குங்கள்

வாடிக்கையாளரை நினைவில் வைத்துப் பேசும் பாட் வேண்டும் என்று வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த வெக்டர் டேட்டாபேஸ் (பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடித் தரும் சேமிப்பு) நல்லது என்று. அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. முதலில் வரவேண்டியது, பதிந்ததை எப்படி அழிப்பது என்பது.

உரையாடலில் சொன்னதை மொழி மாதிரி (பாட்டின் பதிலை எழுதும் ஏஐ) தனக்குள் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதுவரை பேசியதை ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்புகிறோம். அதைப் படித்துப் பதில் தருகிறது. புதிய உரையாடலில் அது எதுவும் இருக்காது. 2024 பிப்ரவரியில் சாட்ஜிபிடிக்கு மெமரி வந்தபோதும் அடிப்படை இதுதான்: குறிப்புகளை வெளியே சேமித்து, அடுத்த உரையாடலில் மாதிரியின் கண்ணில் படும்படி வைப்பது. ஆக, மெமரி என்பது நீங்கள் பராமரிக்க வேண்டிய ஒரு பதிவேடு.

மாதச் சாப்பாடு ஆர்டர் எடுக்கும் வாட்ஸ்அப் பாட் ஒன்றை வைத்துக்கொள்வோம். எஸ்க்யூலைட் அல்லது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரே ஒரு டேபிள் போதும். பயனர் எண், குறிப்பு, வகை, எந்தச் செய்தியிலிருந்து எடுத்தது, பதிந்த தேதி, காலாவதித் தேதி என்று ஆறு பத்தி (நெடுவரிசை). உரையாடல் முடிந்ததும் மாதிரியை இன்னொரு முறை அழைத்து, பழைய குறிப்புகளையும் புதிய பேச்சையும் கொடுத்து, சேர், மாற்று, நீக்கு, விடு என்ற நான்கில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். 'சேர்' மட்டும் இருந்தால், வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறியவருக்கு இரண்டு முகவரியும் இருக்கும். பாட் ஒரு நாள் அதைச் சொல்லும், மறுநாள் இதைச் சொல்லும்.

தேதியில் கவனம் தேவை. "நாளைக்கு வேண்டாம்" என்பதை அப்படியே பதிந்தால் பாட்டுக்கு என்றைக்கும் நாளைதான். பதியும்போதே காலண்டர் தேதியாக மாற்றி, அந்த நாள் முடிந்ததும் காலாவதியாகும்படி வையுங்கள்.

ஒருவருக்கு முப்பது நாற்பது குறிப்புகள் வரை தேடலே வேண்டாம். மொத்தத்தையும் சிஸ்டம் பிராம்ப்ட்டில், அதாவது மாதிரிக்கு முன்கூட்டியே தரும் அறிவுறுத்தலில், போட்டுவிடலாம். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) கூடுதலாகச் செலவாகும் என்பதால் குறிப்புகள் சுருக்கமாக இருக்கட்டும். நூற்றுக்கணக்கில் பெருகும்போது எம்பெடிங் தேடலுக்குப் போகலாம்: ஒவ்வொரு குறிப்பின் பொருளையும் எண் வரிசையாக (வெக்டர்) மாற்றி, கேள்விக்கு நெருக்கமானதை எடுப்பது. போஸ்ட்கிரஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் பிஜிவெக்டர் என்ற இணைப்பே போதும். எம்பெடிங் மாதிரியை மாற்றினால் பழைய குறிப்புகள் அத்தனையையும் திரும்ப எம்பெட் செய்ய வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் தேடல் சம்பந்தமில்லாததைக் கொண்டுவரும்.

ஆனால் "வேர்க்கடலை ஒத்துக்காது" போன்ற குறிப்பைத் தேடலை நம்பி விடவே கூடாது. "இன்னைக்கு சட்னி என்ன?" என்ற கேள்விக்கும் அந்தக் குறிப்புக்கும் பொருளளவில் நெருக்கம் குறைவு, தேடல் அதை எடுத்துத் தராமல் போகலாம். ஒவ்வாமை, சர்க்கரை, சைவம் ஆகியவை தனி வகை. எந்தக் கேள்வி வந்தாலும் கூடவே போகவேண்டும்.

இன்னொரு சிக்கல், போன் நம்பரையே பயனராகக் கொள்வது. ஒரே போனில் மாமியார், மருமகள், பேரன் மூவரும் ஆர்டர் போடும் வீடுகள் உண்டு. குறிப்பில் யாருக்கு என்பதும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாட்டியின் உப்பில்லாப் பத்தியம் பேரன் தட்டுக்கு வரும்.

ஆதார் எண், கார்டு எண், ஓடிபி ஆகியவற்றைப் பதியாதே என்று மாதிரியிடம் சொல்லி வைப்பது போதாது. 12, 16 இலக்க எண் வரிசைகளை மாதிரிக்குப் போகும் முன்பே கோடில் வெட்டுங்கள். பயனர் அனுப்பும் பிடிஎஃப், இணையப் பக்க உரை எதிலிருந்தும் மெமரி எழுத அனுமதிக்காதீர்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் கட்டளை நிரந்தரக் குறிப்பாகிவிடும். 2024-இல் சாட்ஜிபிடியின் மெமரியிலேயே ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செய்து காட்டினார்.

இனி அழிப்பது. டேபிளில் நீக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அதே தகவல் எம்பெடிங் தேடலுக்கான வெக்டர் இண்டெக்ஸில், பழைய உரையாடல் பதிவில், சர்வரின் லாகில், பேக்கப்பில் இருக்கும். பழைய பேச்சுகளிலிருந்து இரவில் சுருக்கம் எடுக்கும் வேலை ஓடினால், நீக்கிய குறிப்பு காலையில் உயிரோடு நிற்கும். எனவே அந்தக் குறிப்பு எடுக்கப்பட்ட செய்தியையும் சேர்த்து நீக்குங்கள். செய்தி எண்ணைப் பத்தியில் வைத்தது இதற்காகத்தான். சாட்ஜிபிடியில்கூட உரையாடலை அழித்தால் சேமித்த மெமரி போகாது, அதைத் தனியாக நீக்க வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது.

"என்னைப் பத்தி என்ன வெச்சிருக்கே?" என்று வாடிக்கையாளர் கேட்டால் மாதிரியைப் பதில் எழுத விடாதீர்கள், விட்டதும் சேர்த்ததுமாகச் சொல்லும். டேபிளில் உள்ளதை வரிக்கு வரி அப்படியே காட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நீக்கு' பட்டன் வையுங்கள்.