பேட்ரிமனி: முதுசொமா, உடைமையா?

‘பேட்ரிமனி’ (patrimony) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? இலத்தீனில் இது ‘பாத்ரிமோனியும்’. ‘பாத்தெர்’ என்றால் தகப்பன். தகப்பன் வழியில் கைக்கு வந்த சொத்து என்பது முதற்பொருள். பிறகு ஒருவருடைய மொத்த ஆஸ்தியையும் குறித்தது.

குடும்பச் சொத்து என்ற அளவில் தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டாம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சொத்து வகைகளாக முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூன்று உண்டு. பெற்றோர் வழி வருவது முதுசொம். பேட்ரிமனிக்கு அச்சாகப் பொருந்தும்.

சிக்கல், ‘புனித பேதுருவின் பாத்ரிமோனியும்’ என்று வரும்போதுதான். சிசிலி முதலிய இடங்களில் உரோமைத் திருச்சபைக்கு இருந்த நிலங்களுக்கு அதுவே பெயர். அகராதியை நம்பித் ‘தந்தைவழிச் சொத்து’ என்று எழுதிவிடுகிறார்கள். கலிலேயா மீனவரான பேதுருவுக்குச் சிசிலியில் ஏது பூர்வீக நிலம்? ‘திருச்சபைச் சொத்து’ என்பதும் சரியில்லை. அதில் உடைமைக்காரரே காணாமல் போகிறார். இடைக்கால ஐரோப்பியருக்குப் பேதுரு மாண்டுபோனவர் அல்லர், உரோமையில் கல்லறையில் இருந்தபடியே நிலம் ஆள்பவர். திருத்தந்தை அவருடைய காரியஸ்தர்.

756இல் வட இத்தாலியை ஆண்ட லொம்பார்தியர் உரோமையை முற்றுகையிட்டபோது, திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவான் பிராங்கு மன்னன் பெப்பினுக்கு அனுப்பிய கடிதம் ஒன்றில் பேசுபவர் பேதுருவேதான். ‘நான்’ என்று தன்மையில். பெப்பின் வென்றான். மடாதிபதி ஃபுல்ராத் ஊர் ஊராகப் போய்க் கோட்டைச் சாவிகளை வாங்கிவந்து, தானப் பத்திரத்தோடு சேர்த்துப் பேதுருவின் கல்லறைமேல் வைத்தார். சாவி வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

சிறிய தானங்களிலும் இதே முறைதான். பத்திரம் புனிதர் பெயருக்கு எழுதப்படும், பீடத்தின்மேல் வைக்கப்படும், சில இடங்களில் அந்த நிலத்து மண்கட்டியோ ஒரு கத்தியோ கூட வைப்பதுண்டு. மீறுபவனுக்கு யூதாசின் கதி என்று சாபம். இங்கிலாந்தின் 1086 நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டில், 679இல் இறந்த புனிதர் எதெல்த்ரெதா நிலம் வைத்திருந்தவராகப் பதிவாகியிருக்கிறார்.

நிலத்தை யாராவது பிடுங்கிக்கொண்டு, புனிதரும் சும்மா இருந்தால்? துறவிகள் அவருடைய எலும்புப் பேழையைப் பீடத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்து, முள்ளால் மூடினார்கள். உடைமைக்காரர் தம் கடமையைச் செய்யவில்லை என்ற கண்டிப்பு! 1274இல் இரண்டாம் லியோன் பொதுச்சங்கம் இதைத் தடைசெய்தது.

ஆகவே ‘பேதுருவின் உடைமை’ என்பதே தகும். சோழர் கல்வெட்டுகள் தஞ்சைப் பெரிய கோயில் இறைவனை ‘ராஜராஜீஸ்வரமுடையார்’ என்கின்றன. ஊருக்கும் கோயிலுக்கும் உடையவர் தெய்வமே என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே புனிதர் உடையவர். இங்கே சிவன் உடையார். கோயில் நிலத்தை விற்பதும் வாங்குவதும் நாயனாரான சண்டேசுவரர் பெயரில் நடந்தன, அவர் காரியஸ்தர் இடத்தில் இருக்கிறார்.

பின்னாளில் இத்தாலியின் விற்றெர்போ நகரைச் சுற்றிய மாகாணத்துக்கே இந்தப் பெயர் நின்றுவிட்டது. அங்கே அது இடப்பெயர். மொழிபெயர்க்காமல் ‘பாத்ரிமோனியோ’ என்றே விடுங்கள்.