தண்ணீர் கேனும் ஒட்டடைக் கம்பும்: ஒரு மெத்தையின் வயதை அளந்த கதை

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு மெத்தைக்கு 11 வயது. அதை மாற்றலாமா வேண்டாமா என்று போன மழைக்காலம் முழுக்க வீட்டில் பேச்சு ஓடியது. காலையில் எழுந்தால் இடுப்பு பிடிக்கிறது என்று மனைவி சொல்வாள். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பேன் நான். "பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் என் பக்கம் படுத்துப் பாருங்க" என்பாள். இடம் மாறிப் படுத்த அன்றே வழக்கில் பாதி தோற்றுவிட்டேன். மீதிப் பாதியை ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்து அளந்து பார்த்துத் தோற்றேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பால் பாக்கெட்டைப் போல மெத்தையில் காலாவதித் தேதி அச்சடித்திருக்காது. விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கும் மெத்தையும், இரண்டு பெரியவர்கள் தினமும் படுத்துப் புரளும் மெத்தையும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் ஒரே வயதுடையவை ஆகாது. மெத்தை தேய்வது எடையாலும் சூட்டாலும் ஈரத்தாலும். மும்பைக்காரர்களுக்கு மூன்றாவதற்குக் குறைவே கிடையாது.

இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்டுபிடித்த பிளாஸ்டிக் குடும்பத்தில் பின்னால் பிறந்த பிள்ளை அது. ஒரு துண்டைப் பிய்த்து லென்ஸ் வழியே பார்த்தால் உள்ளே அறை அறையாகத் தெரியும். ஆனால் அறைகளுக்குச் சுவர் இருக்காது; வெறும் தூண்களும் உத்தரங்களும்தான். காற்று தாராளமாகப் போய்வரும். நாம் படுத்ததும் தூண்கள் முதலில் லேசாக வளைகின்றன. எடை கூடினால் ஒரு கட்டத்தில் மளமளவென்று மடிகின்றன. அதையும் தாண்டினால் மடிந்தவை ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கெட்டிப்பட்டுவிடும். அப்போதுதான் "பலகை தட்டுது" என்கிறோம்.

எழுந்ததும் தூண்கள் நிமிர வேண்டும். நிமிரும், ஆனால் ஒவ்வொரு முறையும் நூலிழை குறைவாக. ஃபோமின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. ஒரே இடத்தில் மணிக்கணக்காக எடை இருந்தால் அவற்றில் சில பிடியை விட்டு, நகர்ந்த இடத்திலேயே புதிதாக ஒட்டிக்கொள்கின்றன. உடம்புச் சூடு இதை விரைவுபடுத்தும். ஈரமோ இன்னும் பொல்லாதது. தண்ணீர் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பில் ஆசை உள்ளதுதான். இரண்டு சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து கையைப் பிரித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, வியர்க்காத இரவிலும் நம் தோலிலிருந்து நூறு மில்லிக்கு மேல் தண்ணீர் ஆவியாகிறது. அதில் ஒரு பங்கு கீழே மெத்தைக்குள் இறங்குகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை துவைத்த பனியனே இரண்டு நாள் காயாத ஊரில், அந்த ஈரம் வெளியேற வழி எங்கே?

ஆய்வுக்கூடங்களில் இதையே அவசரமாகச் செய்து பார்க்கிறார்கள். ஃபோம் துண்டைப் பாதி உயரத்துக்கோ அதற்கும் கீழோ நசுக்கி, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் 22 மணி நேரம் அப்படியே வைப்பார்கள். அப்புறம் விடுவித்து, அரை மணி நேரம் கழித்து எவ்வளவு உயரம் திரும்பவில்லை என்று அளப்பார்கள். முழு மெத்தைக்கு வேறு சோதனை: ஐரோப்பியத் தரமுறை ஒன்றில் ஏறக்குறைய 140 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும் ஓர் உருளையை மெத்தைமேல் 30,000 தடவை முன்னும் பின்னும் உருட்டுகிறார்கள். கூட்டுக்குடும்பத்துக் குழந்தைகள் கோடை விடுமுறையில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

நம் வீட்டில் உருளை இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இல்லாத ஒன்று நம் மெத்தையிலேயே இருக்கிறது: யாரும் படுக்காத பகுதி. உடம்பின் எடையில் பெரும்பங்கு இடுப்பும் மார்பும் இருக்கும் இடத்தில் இறங்குகிறது. கால்மாட்டில் பாதத்தின் எடை மட்டும். இரட்டைக் கட்டில் என்றால் நடுவிலும் ஒரு மேடு தப்பிப் பிழைத்திருக்கும். (எங்கள் மெத்தையில் அது சர்வதேச எல்லைக்கோடு மாதிரி தெளிவாக இருந்தது.) கால்மாடு கிட்டத்தட்டப் புது மெத்தை, இடுப்பு பதியும் இடம் பழைய மெத்தை. இரண்டும் ஒரே உறைக்குள், ஒரே மழையைப் பார்த்தவை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

சரி, கேனுக்கு வருவோம். மெத்தை குழிந்திருக்கிறதா என்று எல்லோரும் வெறுமனே கண்ணால் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். ஒட்டடைக் கம்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை குறுக்கே வைத்தேன். மனைவி படுக்கும் இடத்தில் கம்புக்கும் மெத்தைக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளிதான் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இங்கேதான் ஏமாற்று வேலை. தூண்கள் நிமிர்ந்து நிற்பது ஒன்று, எடை வந்தால் தாங்குவது வேறு. வெறும் மெத்தை சமமாகத் தெரியும், ஆள் படுத்ததும் உள்வாங்கும். ஆகவே நிரம்பிய 20 லிட்டர் கேனை அந்த இடத்தில் வைத்து, ஒரு நிமிடம் விட்டு, பக்கத்தில் கம்பை வைத்து அளந்தேன்: 5.5 செ.மீ. அதே கேனைக் கால்மாட்டில், ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே தள்ளி வைத்தேன்: 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஐந்தங்குல மெத்தையில் ஏறக்குறைய ஓரங்குலம் வித்தியாசம். பேசாமல் கேனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஒன்று மறக்கக்கூடாது. அளக்கும் முன் மெத்தையைத் தூக்கிக் கட்டில் பலகையைப் பாருங்கள். பிளைவுட் நடுவில் தொய்ந்திருந்தால் குற்றவாளி அதுதான். புது மெத்தை போட்டாலும் அதுவும் கூடவே தொய்யும்.

ஃபோமுக்குச் சொன்னது பஞ்சுக்குப் பொருந்தாது. பருத்தி இழை தட்டையாக, முறுக்கிவிட்ட நாடா மாதிரி இருக்கும். மெத்தை என்று நாம் படுப்பது உண்மையில் அந்த முறுக்குகளுக்கு இடையில் சிக்கிய காற்றின்மேல்தான். நாளாவட்டத்தில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிதட்டி, காற்று வெளியேறிவிடும். இழை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதனால்தான் மும்பையில் ஒரு காலத்தில் தெருத்தெருவாகப் பஞ்சு அடிப்பவர் தோளில் பெரிய வில்லோடு வருவார். நாணைச் சுண்டினால் டொய்ங் டொய்ங் என்று அதிரும். அதிர்கிற நாணில் கட்டிப் பஞ்சு பட்டதும் இழை இழையாகப் பிரிந்து பறக்கும். ஒரு மதியத்தில் மெத்தை இரண்டு மடங்கு உயர்ந்துவிடும். இப்போது அந்த வேலையை 'காதி கார்கானா' (மெத்தைப் பட்டறை) என்று பலகை மாட்டிய கடைகளில் இயந்திரம் செய்கிறது. பருத்தி மெத்தை கட்டிதட்டினால் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிரித்து அடித்து, புது உறையில் தைத்தால் போதும்.

இலவம் பஞ்சு வேறு ஜாதி. இழை உள்ளே வெற்றுக்குழாய், வெளியே மெழுகுப் பூச்சு, தண்ணீரில் மிதக்கும். கப்பல்களில் உயிர்காப்பு உடைகளுக்குள் அதை அடைத்தது இதனால்தான். பருத்தி சாதாரண ஈரக்காற்றிலேயே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் 10 கிலோ பருத்தி மெத்தைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். இலவம் பஞ்சை அப்படி எளிதில் நனைக்க முடியாது. ஆனால் அந்தக் குழாய்கள் நொய்யானவை. மடங்கி மடங்கி ஒடிந்து தூளாகும். தூளானதை எந்த வில்லாலும் மீட்க முடியாது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய இலவம் பஞ்சுத் தலையணையைத் தட்டினால் மெல்லிய புகை மாதிரி கிளம்பும். அதுதான் அதன் முடிவு. இலவு காத்த கிளி காய் வெடித்ததும் ஏமாந்தது. நாம் பத்து வருடம் கழித்து ஏமாறுகிறோம், அவ்வளவுதான்.

தேங்காய் நார் மெத்தையில் இழைகளை ஒட்டி வைத்திருப்பது ரப்பர் பால். ரப்பர் காய்ந்து வெடித்தால் நார் உதிரும். பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தூள் தினமும் வந்தால் வேறு சோதனை வேண்டாம். ஸ்பிரிங் மெத்தையில் பெரும்பாலும் முதலில் சாவது கம்பி இல்லை, அதன்மேல் உள்ள ஃபோம் அடுக்குதான். கடற்காற்றில் துரு ஏறி முனகல் சத்தம் வருவதற்குள் மேல் அடுக்கு பள்ளமாகியிருக்கும்.

வெயிலில் போடலாமா? பருத்தி என்றால் தாராளமாக. ஃபோமையும் ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸையும் உறையைக் கழற்றி மொட்டை மாடியில் காய வைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் சங்கிலிகளை வெட்டும். மஞ்சளாகி, பின் பொரபொரவென்று உதிரும். மின்விசிறிக்கு எதிரே சாய்த்து நிறுத்தினால் ஈரம் போக அதுவே போதும்.

தூசிப் பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மெத்தை விற்பதற்கே அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். பத்து வருடத்தில் பூச்சியும் அதன் கழிவும் செத்த தோலும் சேர்ந்து மெத்தையின் எடை இரட்டிப்பாகிவிடும் என்று ஒரு கதை உலவுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளுக்கு 1 கிராம் தோல் உதிர்ப்பதாகவும், குளிக்கும்போதுகூட அது மெத்தையில்தான் விழுவதாகவும் வைத்துக்கொண்டாலும் பத்து வருடத்துக்கு 3.65 கிலோ. தோலைத் தின்னும் பூச்சி தான் தின்றதில் ஒரு பங்கைத்தான் உடம்பாக்கும். 20 கிலோ மெத்தை எங்கே இரட்டிப்பது?

பூச்சி இருப்பது உண்மை. நீளம் 0.3 மி.மீ. அளவு. 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட் என்ற மருத்துவரின் குழுதான் வீட்டுத்தூசி ஒவ்வாமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. தும்மல் வரவைப்பது முக்கியமாக அதன் கழிவிலுள்ள புரதம். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை; காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் காய்ந்து சாகும். மும்பைக் காற்று அதற்குக் கல்யாணச் சாப்பாடு. புது மெத்தை வாங்கினாலும் சில மாதங்களில் குடியேறிவிடும். ஆகவே தும்மலுக்காக மட்டும் மெத்தையை மாற்றுவது வீண் செலவு என்பது என் கணக்கு. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைப்பது அதைவிட மலிவு.

பூஞ்சை வேறு விஷயம். மும்பை வீடுகளில் இடமில்லாததால் அடியில் சாமான் வைக்கிற பெட்டிக் கட்டில்தான் அதிகம். மூடிய பிளைவுட், மேலே மெத்தை, கீழே ரஜாய்ப் போர்வையும் பழைய புடவையும். ஈரம் நடுவில் மாட்டிக்கொள்ளும். அடிப்பக்கத்தில் கரும்புள்ளிகள் உள்வரை இறங்கி, மழைக்கால வாடை வெயில் காலத்திலும் விடாமல் அடித்தால் அந்த மெத்தையைக் காப்பாற்ற வழியில்லை. நாங்கள் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையில் ரூபாய் நாணய அளவுக்கு வரிசையாகத் துளை போட்டோம். மெத்தை வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இடுப்பு வலிக்கு வருகிறேன். "கட்டாந்தரையில் படு, சரியாயிடும்" என்பது நம் வீடுகளில் பரம்பரை வைத்தியம். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. 90 நாள் கழித்து நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், இடைக்குக் கீழே தாங்கல் வேண்டும். தரை முதலாவதைச் செய்யாது, தொய்ந்த மெத்தை இரண்டாவதைச் செய்யாது.

வலிக்கு மெத்தைதான் காரணமா என்று அறிய, ஊருக்குப் போன இடத்திலோ மாமா வீட்டிலோ நான்கைந்து இரவு படுத்துப் பாருங்கள். அங்கே வலி இல்லாமல் வீடு திரும்பியதும் வந்தால் மெத்தையைச் சந்தேகிக்கலாம். எங்கே படுத்தாலும் காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடமாடினால் மட்டும் குறைகிறது, வயதும் நாற்பதுக்குள் என்றால் மெத்தைக் கடைக்குப் போகாமல் மூட்டு வாத மருத்துவரிடம் போங்கள். முதுகெலும்பு அழற்சி நோய் அப்படித்தான் தொடங்கும்.

மனைவிக்கு மதுரையில் ஒரு வாரம் வலி இல்லை. ஆக, வாங்கக் கிளம்பினோம். ஃபோம் கடைகளில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் இத்தனை கிலோ என்று பொருள். எண் கூடினால் தூண்களில் சரக்கு அதிகம், பொதுவாகத் தொய்வதும் தாமதமாகும். கெட்டி, மெத்தென்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. கையால் அமுக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம். 72-க்கு 60-க்கு 5 அங்குலம் என்றால் 0.354 கன மீட்டர். 40 என்றால் 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும், 32 என்றால் 11 கிலோ சொச்சம்.

தாராவி 90 அடி ரோட்டில் ஒரு திருநெல்வேலிக்காரர் கடை. "40 தான் சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். "உறை தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை தராசுல வைங்க அண்ணாச்சி" என்றேன். பையன் சுருட்டித் தூக்கி வைத்தான். 11.4 கிலோ. அண்ணாச்சி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையனைத் திட்டினார். "லே, உள்ள இருக்கிறத எடுன்னா வெளிய இருக்கிறத எடுத்துட்டு வந்திருக்க." உள்ளே இருந்து வந்தது 14.3 கிலோ. இரண்டுக்கும் விலை ஒன்றுதான் சொல்லியிருந்தார்; அதை மாற்ற வாய் வரவில்லை அவருக்கு.