எத்தனால் முந்தினால் பென்சீன் பிந்தும்

20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. ஒரு வாசகர் மட்டும் தரைக்குக் கீழே பார்த்துக் கேட்டிருக்கிறார்: "தெருமுனைப் பெட்ரோல் பங்கின் தொட்டி கசிந்தால், எத்தனால் கலந்திருப்பதால் கிணற்றுக்குப் பாதிப்பு குறையுமா? கரும்பிலிருந்து வருவதுதானே?"

குறையாது. பெரும்பாலும், பெட்ரோலிலுள்ள நச்சுப்பொருளான பென்சீன் கூடுதல் காலம் தங்கும், கூடுதல் தூரமும் போகும். செடியிலிருந்து வந்ததெல்லாம் சாது என்பது நம் காலத்து மூடநம்பிக்கைகளில் ஒன்று.

எத்தனால் விஷம் என்பதல்ல சிக்கல். அது மிக எளிதில் செரிப்பதுதான் சிக்கல். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் பென்சீன், பெட்ரோலிலுள்ள அதன் உறவுக்காரர்களான டொலுவீன், சைலீன் எல்லாவற்றையும் தின்னக்கூடியவை. பழைய கசிவுகள் பல ஓர் எல்லையோடு நின்றுபோனது அவற்றின் தயவால்தான். ஆனால் எத்தனால் கிடைத்தால் முதலில் அதைத்தான் தின்னும். ஒரு கிராம் எத்தனாலை முழுதாக எரிக்க ஏறத்தாழ 2.1 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நிலத்தடி நீரில் 500 மில்லிகிராம் எத்தனால் கரைந்திருந்தால், தேவை 1,000 மில்லிகிராமுக்கு மேல். அந்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ, நல்ல நிலையிலேயே எட்டு மில்லிகிராம் அளவுதான். அது தீர்ந்ததும், ஆக்சிஜனுக்குப் பதிலாக பாக்டீரியாக்கள் பயன்படுத்தும் நைட்ரேட், பிறகு இரும்பு, பிறகு சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாகத் தீரும். கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் ராஜ்ஜியம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இந்த நிலையிலும் பென்சீனைச் சிதைக்க முடியும். ஒரு பென்சீன் மூலக்கூறும் ஆறு நீர் மூலக்கூறுகளும் சேர்ந்து மூன்று அசிட்டேட்டும் (வினிகரிலுள்ள அமிலத்தின் கரைந்த வடிவம்) மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஆகும். ஆனால் அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் மிகக் குறைவாக இருந்தால்தான் இந்த வினையில் பாக்டீரியாவுக்கு ஆற்றல் மிஞ்சும். விளைபொருள் குவிந்தால் வினை முன்னேறாது என்று பள்ளியில் படித்த லீ சாட்லியர் கொள்கைதான். முதல் பந்தியின் இலைகளை எடுக்காமல் அடுத்த பந்தியை உட்கார வைக்க முடியுமா? எத்தனால் சிதைந்தாலும் வருவது அதே அசிட்டேட், அதே ஹைட்ரஜன். அசிட்டேட்டை மீத்தேனாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுகிறவை. ஆகவே அது குவிகிறது. சமன்பாட்டில் அசிட்டேட் மூன்று என்பதால் அதன் செறிவு மும்மடிப் பெருக்கமாகக் கணக்கில் வரும்: பத்து மடங்கு கூடினால் அந்தப் பெருக்கம் ஆயிரம் மடங்கு. பென்சீனைத் தின்னும் பாக்டீரியா அங்கேயே உயிரோடு இருக்கலாம், பென்சீனும் அதன் பக்கத்திலேயே இருக்கலாம். தின்று லாபமில்லை என்பதால் வினை நின்றுவிடுகிறது.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் விமானப்படைத் தளத்தில் நிலத்தடி நீரோட்டத்தில் அருகருகே இரண்டு பாதைகளில் பென்சீன், டொலுவீன், சைலீன் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் எத்தனாலும் சேர்த்தார்கள். எத்தனால் இல்லாத பாதையில் பென்சீன் கொஞ்ச தூரம் முன்னேறிப் பின்வாங்கியது. மற்றதில் சல்ஃபேட் தீர்ந்து, அசிட்டேட் நீரோடு வெகுதூரம் போனது. பென்சீன் பின்வாங்கத் தாமதமானது. பிரேசிலின் ஃப்ளோரியானோபோலிஸ் நகரில், சாண்டா கத்தரினா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் ரெசாகாடா பண்ணையில், 1998இல் 24 சதவீத எத்தனால் கலந்த 100 லிட்டர் பெட்ரோலை வேண்டுமென்றே நிலத்தில் விட்டுப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். எத்தனால் இருந்தவரை பென்சீன் வகையறா மசியவில்லை. அது தீர்ந்த பிறகு வேகமாகக் குறைந்தது. எத்தனாலைத் தின்று பெருகிய பாக்டீரியாக் கூட்டம் பிற்பாடு உதவியிருக்கவும் கூடும். எத்தனாலை ஒரேயடியாக வில்லனாக்க வேண்டியதில்லை.

பத்தாண்டு காத்திருந்தால்தான் விடை வரும் ஆய்வுக்குப் பணம் கேட்டால், மூன்றாண்டில் முடித்துத்தர முடியுமா என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கலப்பு இலக்கை 20 சதவீதத்துக்கு உயர்த்திய வேகத்தில் ஒரு பங்காவது ஆய்வுக் கிணறுகளுக்கும் வேண்டும் என்பேன். அந்தக் கிணறுகளில் பென்சீனை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். அசிட்டேட்டையும் மீத்தேனையும் சேர்த்து அளக்க வேண்டும். மீத்தேன் மேலெழும் வழியில் மண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால், வழியிலேயே அழிந்திருக்க வேண்டிய பென்சீன் ஆவி வீட்டின் அடித்தளம்வரை வந்து சேரலாம்.