ஹெபடைட்டிஸ்: கல்லீரல் அழற்சி

ரத்த தானம் செய்தவருக்கு 'எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்' (அதாவது, ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது) என்று தகவல் வந்தால், வீட்டில் முதல் கேள்வியே "மஞ்சள் காமாலையா?" என்பதுதான். கண்ணைப் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். காமாலை ஓர் அறிகுறி. நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை.

கிரேக்கத்தில் 'ஹெபார்' என்றால் கல்லீரல். 'ஐட்டிஸ்' என்ற விகுதிக்கு 'அதைச் சேர்ந்த' என்றுதான் பழைய பொருள். பிறகு மருத்துவர்கள் வழக்கில் அழற்சியைக் குறிப்பதாக நிலைத்தது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்குள் நெருப்பு கிடையாது. தமிழ்ச் சொல்லில் இருக்கிறது: சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆகிறது, அழல் என்றால் தீ. சிலர் 'கல்லீரல் வீக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வெறும் கொழுப்பு சேர்ந்தாலும் ஈரல் பெருக்கும்.

சரி, இந்தத் தீயை மூட்டுவது யார்? ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஈரல் செல்லுக்குள் குடியிருந்து பெருகும். பெரும்பாலும் அந்தச் செல்லைத் தானே கொல்லாது. தொற்றிய செல்லைக் கண்டுபிடித்து அழிப்பவை நம்முடைய டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள்தான். அப்படிச் சிதையும் செல்லிலிருந்து கசியும் நொதியே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி என்று ஏறி நிற்கிறது. பெரியவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் வைரஸ் இந்தச் சண்டையில் அடங்கிவிடும். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளுக்கோ, தடுப்பூசி போடாவிட்டால், 10-ல் 9 பேருக்குத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்வது அதனால்தான்.

6 மாதம் தாண்டியும் வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருந்தால் 'நாட்பட்டது' என்கிறார்கள். ஓயாமல் வைரஸோடு மல்லுக்கட்டிய டி செல்கள் சோர்ந்துபோகின்றன. வைரஸை ஒழிக்கவும் முடியாது, சண்டையை விடவும் முடியாது. நீறு பூத்த நெருப்பாக அழற்சி உள்ளே கிடந்து, வருடக்கணக்கில் ஈரலில் தழும்பு ஏற்றும். அது முற்றினால் சிரோசிஸ்.

'க்ரானிக்' என்பதைத் 'தீராத' என்று மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அப்படி எழுதாதீர்கள், படிக்கும் நோயாளி ஒடிந்துபோவார். கிரேக்கத்தில் 'க்ரோனோஸ்' என்றால் காலம், அவ்வளவுதான். நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யை இப்போது மாத்திரையால் அடக்கி வைக்கிறார்கள். வேறொரு வைரஸால் வரும் ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே தீர்ந்துவிடுகிறது.